டிவியில் ஆப் திறக்கவில்லையா? போர்டை மாற்றும் முன் தேதியைப் பாருங்கள்!

"செட்டாப் பாக்ஸில் சேனல்கள் நன்றாகத் தெரிகின்றன. யூடியூப் மட்டும் திறக்கவில்லை. டிவி பழுதாகிவிட்டதா?" ஸ்மார்ட் டிவி வாங்கிய பலரும் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் டிவி பழுதாகியிருக்காது. ஸ்மார்ட் டிவி என்பது பெரிய திரை பொருத்திய ஒரு கம்ப்யூட்டர்தான். இதற்குள்ளும் பிராசசர், மெமரி, ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாம் உண்டு. சாம்சங் டிவிகளில் டைசன், எல்ஜி டிவிகளில் வெப்ஓஎஸ், சோனி, டிசிஎல் போன்ற பல நிறுவனங்களின் டிவிகளில் ஆண்ட்ராய்டு டிவி அல்லது கூகுள் டிவி என்று ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பெயர்தான் மாறும். கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் திறக்கவில்லை என்றால் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடமாட்டோம் அல்லவா? டிவிக்கும் அதே நிதானம் வேண்டும்.

கோளாறு நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கலாம். டிவியின் சாப்ட்வேர், வீட்டு இன்டர்நெட் இணைப்பு, அந்த ஆப்பை நடத்தும் நிறுவனம் அல்லது அதில் உங்கள் கணக்கு, கடைசியாக டிவியின் வயது. எது என்று தெரியாமல் ரீசெட் பட்டனைத் தேடுவதில் பயனில்லை.

வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் இங்கே நன்றாக உதவும். அதே வைபை இணைப்பில், அதே யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்து, டிவியில் திறக்காத சேவையை பிரவுசரில் திறந்து பாருங்கள். கம்ப்யூட்டரிலும் திறக்கவில்லை என்றால் டிவி மேல் குற்றமில்லை. இன்டர்நெட் இணைப்பிலோ அந்த நிறுவனத்தின் சர்வரிலோ உங்கள் கணக்கிலோ கோளாறு இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஓடி டிவியில் ஓடவில்லை என்றால் அடுத்த சோதனை. மொபைல் போனில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து டிவியை அதனுடன் இணைக்கவும். இப்போது ஆப் ஓடுகிறதா? அப்படியானால் டிவி நன்றாக இருக்கிறது, வீட்டு வைபையைத்தான் பார்க்க வேண்டும். ஹாட்ஸ்பாட்டிலும் ஓடவில்லை என்றால்தான் டிவிக்குள் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்ததும் ஹாட்ஸ்பாட்டை நிறுத்திவிடுங்கள். எச்டி படம் ஒரு மணி நேரம் ஓடினால் 3 ஜிபி வரை டேட்டா தீர்ந்துவிடும்.

ரிமோட்டில் ஆப் செய்தால் போதாது: ரிமோட்டில் சிவப்பு பட்டனை அழுத்தும்போது பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகள் முழுமையாக நிற்பதில்லை, தூங்கத்தான் போகின்றன. சிக்கிக்கொண்ட ஆப் மெமரியில் அப்படியே இருக்கும். மறுபடி ஆன் செய்தால் அதே சிக்கலுடன் எழுந்து வரும். எனவே சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றி, ஒரு நிமிடம் கழித்து மாட்டவும். ரௌட்டருக்கும் இதையே செய்யவும். முதலில் ரௌட்டரை ஆன் செய்து, அதன் விளக்குகள் நிலைபெறும் வரை சில நிமிடங்கள் காத்திருந்து, பிறகு டிவியை ஆன் செய்ய வேண்டும். இந்த வரிசைக்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது நினைவிருக்கும். எங்கள் கடற்கரைப் பக்கம் புயல் என்றால் கரண்ட் போவதும், வந்து வந்து போவதும் புதிதல்ல. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் இதே கதைதான். கரண்ட் திரும்பியதும் டிவியும் ரௌட்டரும் ஒரே நேரத்தில் உயிர் பெறுகின்றன. டிவி ஒரு நிமிடத்துக்குள் தயாராகிவிடும். ரௌட்டர் இன்டர்நெட்டைப் பிடிக்க இன்னும் நேரமாகும். பல டிவிகளில் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் இருப்பது போல நேரத்தைக் காக்கும் பேட்டரி கிடையாது. ஒவ்வொரு முறையும் இன்டர்நெட்டில் உள்ள டைம் சர்வரைக் கேட்டுத்தான் தேதியைத் தெரிந்துகொள்கின்றன. கேட்கும் நேரத்தில் நெட் இல்லை என்றால் டிவியில் பழைய தேதி ஒன்று நின்றுவிடும். சில டிவிகளில் அது 1970 ஜனவரி 1 ஆக இருக்கும். (யூனிக்ஸ் வழிவந்த ஆபரேட்டிங் சிஸ்டங்கள் நேரத்தை அந்த நாளிலிருந்து விநாடி விநாடியாக எண்ணுகின்றன. எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போனால் தேதி 1970க்குப் போய்விடும்.)

தேதி தவறினால் ஆப் ஏன் நிற்க வேண்டும்? யூடியூப், நெட்பிளிக்ஸ் போன்றவற்றின் சர்வர்கள் டிவியுடன் பேசத் தொடங்கும்போது, "நான் அசல் சர்வர்தான்" என்பதற்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்டுகின்றன. அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். 1970ல் இருப்பதாக நினைக்கும் டிவிக்கு அது இன்னும் தொடங்காத சான்றிதழ். போலி என்று சந்தேகித்து இணைப்பைத் துண்டித்துவிடும். திரையிலோ "நெட்வொர்க் பிழை" என்று மட்டும் வரும். வைபை சிக்னல் முழுதாகக் காட்டும்போதே இப்படி வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்.

திருக்கழுக்குன்றத்தில் பெரியப்பா வீட்டில் இப்படித்தான் ஆனது. இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் இருந்து வந்த பிறகு ஒரு ஆப்பும் திறக்கவில்லை. பார்க்க வந்தவர், "கரண்ட் வந்து வந்து போனதில் மெயின் போர்டு அடிவாங்கிவிட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்லி ஆறாயிரம் ரூபாய் கேட்டாராம். பெரியப்பா என்னைப் போனில் அழைத்தார். செட்டிங்ஸில் தேதியைப் படிக்கச் சொன்னேன். "1970 என்று போட்டிருக்கிறதே, அப்போது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்" என்றார். தேதியைத் திருத்தியதும் எல்லாம் ஓடியது.

திருத்தும் வழி இதுதான். ஆண்ட்ராய்டு அல்லது கூகுள் டிவியில் செட்டிங்ஸ், பிறகு சிஸ்டம் (சில டிவிகளில் டிவைஸ் பிரிபரன்சஸ்), அதில் டேட் அண்ட் டைம். சாம்சங்கிலும் எல்ஜியிலும் செட்டிங்ஸில் ஜெனரல் என்ற பிரிவின் கீழ் டைம் என்று தேடவும். மாடலுக்கு மாடல் பெயர் சற்று மாறும். தானாகத் தேதி எடுக்கும் ஆட்டோமேட்டிக் வசதியை ஒரு முறை ஆப் செய்து மறுபடி ஆன் செய்யவும். சரியாகவில்லை என்றால் ஆப் செய்த நிலையிலேயே தேதி, நேரம் இரண்டையும் கையால் கொடுங்கள். டைம் ஜோன் இந்தியா என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடல் காற்றும் கேபிளும்: ஹாட்ஸ்பாட்டில் ஓடி வீட்டு இணைப்பில் ஓடாதவர்களுக்கு இது. பைபர் இணைப்பு என்றால் சுவரில் மாட்டிய சிறு பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் வெளியே பைபர் அறுந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. புகார் கொடுப்பதைத் தவிர நாம் செய்ய ஒன்றுமில்லை. விளக்கு சரியாக இருந்து, டிவிக்கு லேன் கேபிள் போட்டிருந்தால் அதன் பிளக்கைக் கழற்றி முனைகளைக் கவனியுங்கள். கோவளம் முதல் கல்பாக்கம் வரை கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று உலோகத்தைச் சும்மா விடுவதில்லை. ஜன்னல் அருகே உள்ள பிளக்குகளில் பச்சை பூத்துவிடும். இணைப்பு விட்டு விட்டு வரும், செட்டிங்ஸிலோ கனெக்டட் என்றே காட்டும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, டிவியை அணைத்துவிட்டுத் துடைக்கலாம். அரித்துப்போன பிளக்கை மாற்றிவிடுவதே நல்லது. அதிகச் செலவாகாது.

வைபை என்றால் வேகத்தைக் கவனியுங்கள். நெட்பிளிக்ஸ் முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்கிறது. மாதக் கடைசியில் மட்டும் ஆப் சுற்றிக்கொண்டே இருந்தால், உங்கள் பிளானில் உள்ள டேட்டா அளவு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கலாம்.

ஒரே ஒரு ஆப் மட்டும் தகராறு செய்தால் அதனுள் சேர்ந்த குப்பையைச் சந்தேகிக்கலாம். ஆண்ட்ராய்டு டிவியில் செட்டிங்ஸ், ஆப்ஸ் சென்று அந்த ஆப்பைத் தேர்ந்தெடுத்து, போர்ஸ் ஸ்டாப் கொடுத்து, கிளியர் கேச் அழுத்தவும். கிளியர் டேட்டா கொடுத்தால் லாகின் விவரமும் போய்விடும், பாஸ்வேர்டு கையில் இருந்தால் மட்டும் செய்யவும். சாம்சங்கில் ஆப்ஸ் பகுதியில் பல்சக்கரப் படத்தை அழுத்தி, ஆப்பைத் தேர்ந்தெடுத்தால் ரீஇன்ஸ்டால் என்ற வசதி கிடைக்கும். விலை குறைந்த டிவிகள் பலவற்றில் மொத்த ஸ்டோரேஜே 8 ஜிபிதான், அதிலும் பெரும்பகுதியை ஆபரேட்டிங் சிஸ்டம் எடுத்துக்கொள்கிறது. குழந்தைகள் இறக்கி வைத்த கேம்களை நீக்கினாலே பல ஆப்கள் மூச்சு விடும்.

கணக்கில் இருக்கும் கோளாறும் டிவிக் கோளாறு போலவே தெரியும். 2023 ஜூலை 20ல் நெட்பிளிக்ஸ் இந்தியாவிலும் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் என்று அறிவித்தது. செங்கல்பட்டில் இருக்கும் மகனின் கணக்கில் மாமல்லபுரத்தில் படம் பார்த்த அப்பாவின் டிவியில் ஆப் தடுத்தால் அது பழுது அல்ல, விதி. அதேபோல 2025 பிப்ரவரி 14ல் ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆகின. பழைய ஜியோசினிமா ஐகானை எத்தனை முறை அழுத்தினாலும் பழைய ஆப் வரப்போவதில்லை.

டிவிக்கு வயதாகிவிட்டால்: இதைத்தான் கடைக்காரர்கள் சொல்வதில்லை. திரை பத்து, பதினைந்து வருடம் உழைக்கும். உள்ளே இருக்கும் சாப்ட்வேருக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. யூடியூப் தன் பழைய இணைப்பு முறையை 2015 ஏப்ரல் 20 முதல் கைவிட்டபோது, 2012க்கும் அதற்கு முன்பும் வந்த பல டிவிகளில் யூடியூப் ஆப் நின்றது. 2010, 2011ல் வந்த சில சாம்சங் டிவிகளில் 2019 டிசம்பர் 1 முதல் நெட்பிளிக்ஸ் நின்றது. நாம் மேலே பார்த்த சான்றிதழ்களுக்கும் வயது உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழ்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30ல் காலாவதியானது. புதிய மூலச் சான்றிதழ் அப்டேட் மூலம் வந்து சேராத பல பழைய கருவிகளில் இணையதளங்கள் திறக்க மறுத்தன. அந்தக் கருவிகளில் எந்தப் பாகமும் பழுதாகவில்லை.

எனவே செட்டிங்ஸில் சாப்ட்வேர் அப்டேட் பகுதியைப் பாருங்கள். டிவியில் நெட்டே வராத நிலையிலும் அப்டேட் செய்ய முடியும். கம்ப்யூட்டரில் டிவி நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்து, டிவியின் பின்புறம் உள்ள மாடல் எண்ணை எழுத்துத் தவறாமல் கொடுத்து, அதற்கான பைலை இறக்குங்கள். ஜிப் பைலாக இருந்தால் விரித்து, காலி பென் டிரைவில் அந்த நிறுவனம் சொல்லும் முறைப்படி காப்பி செய்து டிவியில் செருகவும். வேறு மாடலுக்கான பைலைக் கொடுத்து விளையாட வேண்டாம். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் அப்போது உண்மையிலேயே போர்டு மாற்ற வேண்டி வரலாம். மழை நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

அப்டேட்டே நின்றுபோன டிவி என்றால் புதிய டிவி வாங்கத் தேவையில்லை. எச்டிஎம்ஐ துளை இருந்தால் பயர் டிவி ஸ்டிக் போன்ற ஒரு சிறு கருவியைச் செருகி, ஆப்களை அதில் ஓடவிடலாம். டிவி திரை வேலையை மட்டும் செய்யும். ஸ்டிக்குக்கு அதனுடன் வரும் அடாப்டரிலிருந்தே கரண்ட் கொடுங்கள். டிவியின் யுஎஸ்பி துளையில் கிடைக்கும் கரண்ட் பல நேரம் போதாமல் ஸ்டிக் தானாக ரீஸ்டார்ட் ஆகும். பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள் வேண்டாம். 2025 ஜூனில் அமெரிக்காவின் எப்பிஐ, இத்தகைய பெட்டிகள் பல பேட்பாக்ஸ் என்ற தீய புரோகிராமுடன் வருவதாக எச்சரித்தது.

கடைசி ஆயுதம் ரீசெட். சாம்சங்கில் சப்போர்ட், டிவைஸ் கேர், செல்ப் டயக்னோசிஸ் சென்றால் ரீசெட் ஸ்மார்ட் ஹப் இருக்கும், நீங்கள் மாற்றாத வரை பின் எண் 0000. எல்லா லாகின்களும் அழியும். மறுபடி லாகின் செய்யும்போது திரையில் ஒரு கோடு வந்து, அதைப் போனிலோ கம்ப்யூட்டரிலோ கொடுக்கச் சொல்லும். பலர் ஏமாறும் இடம் இதுதான். திரையில் உள்ள முகவரியை பிரவுசரின் மேல் பட்டையில் எழுத்துக்கு எழுத்து டைப் செய்ய வேண்டும். கூகுளில் தேடினால் அதே போலத் தோற்றமளிக்கும் போலி ஆக்டிவேஷன் தளங்கள் வந்து நிற்கும். ஆக்டிவேஷன் கட்டணம் என்று கேட்கும், அல்லது ஒரு கஸ்டமர் கேர் எண்ணைக் காட்டும். டிவியில் கோடு கொடுப்பதற்குக் கட்டணமே கிடையாது. அந்த எண்ணில் பேசுபவர் எனிடெஸ்க் போன்ற ஆப்பை இறக்கச் சொன்னால் உடனே போனை வைத்துவிடுங்கள். அதன் வழியாக உங்கள் போன் திரையையும் அதில் வரும் ஓடிபியையும் அவரால் பார்க்க முடியும். சர்வீஸ் எண்ணை டிவியுடன் வந்த வாரண்டி அட்டையிலிருந்து எடுங்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டிருந்தால், நேரம் கடத்தாமல் 1930 என்ற தேசிய சைபர் கிரைம் உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் தகவல் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிப்போகும் முன் சொன்னால் அதை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது.