மகனீசியமும் இதயத் துடிப்பும்

அக்குறணையில் ஒரு தென்னையாவது இல்லாத வளவுகள் குறைவு. அதன் கீழோலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகத் தொடங்கினால், தோட்ட வேலை தெரிந்த பெரியவர்கள் "டொலமைட் போடுங்க" என்பார்கள். மாத்தளை, திகன பக்கங்களில் தோண்டியெடுத்து அரைக்கப்படும் கல்தூள்தான் டொலமைட். கல்சியமும் மகனீசியமும் அதில் உண்டு. தேயிலைத் தோட்டங்களிலும் கவ்வாத்துக் காலத்தில் இதை மண்ணுக்கு இடுவார்கள். மலைநாட்டு மழை மண்ணிலுள்ள மகனீசியத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுவதே இதற்குக் காரணம்.

பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூற்றின் நடுவிலும் மகனீசியம் இருக்கிறது. மண்ணில் அது தட்டுப்பட்டால், மரம் பழைய ஓலையில் இருப்பதை எடுத்து இளங்குருத்துக்கு அனுப்பிவிடும். அதனால்தான் மஞ்சள் நிறம் கீழோலையில் முதலில் தெரிகிறது.

மரத்துக்கு இப்படி ஓர் அடையாளம் இருக்கிறது. மனிதருக்கு இல்லை. வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 25 கிராம் மகனீசியம் உண்டு. அதில் பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி தசைகளிலும் ஏனைய இழையங்களிலும். இரத்தத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இரத்தத்தில் குறையும்போது எலும்பு தன் இருப்பிலிருந்து கொடுத்து ஈடுசெய்யும். ஆகவே இரத்தப் பரிசோதனை அறிக்கை சரியாக இருந்தாலும் உள்ளிருப்பு குறைந்திருக்கலாம். வழமையாக சோடியத்தையும் பொற்றாசியத்தையும்தான் பார்ப்பார்கள். மகனீசியத்தைப் பெரும்பாலும் தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள்.

இதயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இதயத் தசைக் கலத்தினுள் கல்சியம் நுழையும்போது தசை சுருங்குகிறது. அந்த நுழைவை அளவோடு வைத்திருப்பதில் மகனீசியத்துக்குப் பங்குண்டு. கலத்திலிருந்து மூன்று சோடிய அயன்களை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசிய அயன்களை உள்ளே எடுக்கும் பம்பியைப் பற்றி உயர்தர உயிரியல் மாணவிகள் படித்திருப்பீர்கள். அது ஏ.டி.பி.யால் இயங்குகிறது என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் அந்த ஏ.டி.பி. மகனீசியத்தோடு சேர்ந்திருந்தால்தான் பம்பி அதைப் பயன்படுத்தும். மகனீசியம் குறைந்தால் பம்பி தளரும், கலத்தின் மின்னேற்றம் குழம்பும், துடிப்பு தாளம் தப்பும்.

எங்கள் உறவில் ஓர் உம்மும்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிரஷருக்கும் கால் வீக்கத்துக்குமாகப் பல வருடங்கள் சிறுநீர் போகும் குளிசை எடுத்தவர். கேஸ்ட்ரிக் என்று ஒமெப்ரசோலும் தினமும். ஒரு வாரம் வயிற்றோட்டம் வந்தது. அதன்பின் நெஞ்சு படபடக்கிறது என்றார். "வயசு போனா அப்படித்தான்" என்று நாங்களும் இரண்டு நாட்கள் விட்டுவிட்டோம். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி.யில் துடிப்பு இடையிடையே தவறியது தெரிந்தது. பொற்றாசியம் குறைவு என்றார்கள். மூன்று நாட்கள் பொற்றாசியம் கொடுத்தும் அது ஏறவேயில்லை. நான்காம் நாள் ஓர் இளம் டொக்டர் மகனீசியத்தையும் பார்க்கச் சொன்னார். அதுவும் மிகக் குறைவு. அதை சேலைனில் ஏற்றிய பிறகுதான் பொற்றாசியம் ஏறியது, துடிப்பும் சீரானது.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமல்ல. சிறுநீரகத்தில் பொற்றாசியம் வெளியேறும் வழியை, கலத்தினுள் உள்ள மகனீசியம் ஓரளவு அடைத்து வைத்திருக்கிறது. அது குறைந்தால் வழி திறந்துவிடும். பிறகு எவ்வளவு பொற்றாசியம் கொடுத்தாலும் ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

உம்மும்மா எடுத்த இரண்டு குளிசைகளுக்கும் இதில் பங்குண்டு. சிறுநீர் போகும் குளிசைகள் பல மகனீசியத்தையும் சேர்த்தே வெளியேற்றுகின்றன. ஒமெப்ரசோல் வகை மருந்துகளை நீண்டகாலம் எடுத்தால் மகனீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2011இல் எச்சரித்தது. கட்டுப்பாட்டில் இல்லாத சீனி வருத்தத்திலும் சிறுநீரோடு மகனீசியம் போகும். இவற்றில் இரண்டு மூன்று ஒரே ஆளில் சேர்ந்திருக்கும் வீடுகள் நம்மூரில் எத்தனை! அதற்காக யாரும் குளிசையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அது இன்னும் பெரிய ஆபத்து.

அப்படியானால் எல்லோரும் மகனீசியக் குளிசை வாங்கி விழுங்கலாமா? மருத்துவ உலகமே ஒருமுறை கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், மாரடைப்பு என்று வந்த 2,316 பேரில் செய்த ஆய்வு 1992இல் வெளியானது. நாளம் வழியாக மகனீசியம் பெற்றவர்களிடையே இறப்பு 24 சதவீதம் குறைவு என்றது. மூன்று வருடங்களின் பின், 58,050 பேரைக் கொண்ட ஐசிஸ்-4 ஆய்வில் அந்த நன்மை காணப்படவில்லை. ஆனால் 'டோர்சாட்' எனப்படும் ஆபத்தான துடிப்புக் கோளாறுக்கு இன்றும் நாளம் வழியாக மகனீசியம்தான் கொடுக்கிறார்கள். குறைபாடு உள்ளவருக்கு அது மருந்து. எல்லா மாரடைப்புக்கும் அல்ல. சிறுநீரகம் பழுதடைந்தவருக்கோ மகனீசியம் உடலில் தேங்கி, துடிப்பையே மந்தமாக்கிவிடும். பாமசியில் கேட்டு வாங்கும் பொருளல்ல இது.

உணவில் கிடைப்பதற்கு அந்தப் பயம் பொதுவாக இல்லை. 14 முதல் 18 வயதுப் பெண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 360 மில்லிகிராம் தேவை. அவித்த பாசிப்பயறு ஒரு கோப்பையில் ஏறத்தாழ 100 மில்லிகிராம், ஒரு கைப்பிடி கஜுவில் 80 அளவில் இருக்கிறது. எள்ளு, குரக்கன், கீரை வகைகளிலும் நிறைய உண்டு. அரிசியின் மகனீசியத்தில் பெரும்பகுதி தவிட்டில் இருப்பதால், தீட்டிய வெள்ளை அரிசியில் சொற்பமே மிஞ்சுகிறது. பயறு அவித்த தண்ணீரைக் கொட்டினால் அதோடும் கொஞ்சம் போகும். நம் வீடுகளில் பயறு காலைச் சாப்பாடாக இருந்த நாட்கள் குறைந்து, அந்த இடத்தில் பணிஸும் பிஸ்கட்டும் வந்துவிட்டன.

உம்மும்மா இப்போது கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு, தான் எடுக்கும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போகிறார். தனியார் டொக்டர் கொடுத்தது, பாமசியில் வாங்கியது, மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது எல்லாம் அதில் இருக்கும். சென்ற முறை டொக்டர் அதிலிருந்து இரண்டை எடுத்து வைத்துக்கொண்டார்.