தென்னை நார்க்கழிவும் பயிரின் வேரும்

தாவரப் பொருள் எதுவாயினும் மண்ணிலிட்ட மாத்திரத்தில் உரமாகிவிடும் என்னும் எண்ணம் மக்களிடையே பரவியுள்ளது. இது முற்றிலும் சரியன்று. மக்கிய பொருள் வேரை வளர்க்கும். மக்காத பொருளோ சில வேளைகளில் வேரைப் பட்டினி போடும். தென்னை நார்க்கழிவு இதற்குத் தக்க சான்றாகும்.

தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் எஞ்சும் பழுப்புத் தூளே நார்க்கழிவு. பொள்ளாச்சி வட்டாரத்து நார் ஆலைகளில் இது மிகுதியாகக் கிடைக்கிறது. தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட நீரை இது பிடித்து வைக்கும். ஆயினும், இதிலுள்ள கரிமச்சத்து தழைச்சத்தைப் போல் ஏறத்தாழ நூறு மடங்காகும். எனவே, இதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே கவர்ந்துகொள்கின்றன. வேருக்குக் கிடைப்பது குறைகிறது. இதிலுள்ள துவர்ப்புப் பொருள்களும் உப்பும் இளவேரின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும்.

இக்குறையை நீக்கும் முறையொன்றைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும், 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் தேவை. நிழலான இடத்தில் 100 கிலோ கழிவைப் பரப்பி, அதன்மேல் ஒரு புட்டி வித்தைத் தூவுக. மீண்டும் 100 கிலோ கழிவைப் பரப்பி, ஒரு கிலோ யூரியாவை இடுக. இவ்வாறே பத்து அடுக்குகள் அமைத்து, ஈரம் குன்றாமல் காத்துவரின், கழிவு மக்கிக் கருநிறம் பெறும். அப்போது கரிமச்சத்து, தழைச்சத்தைப் போல் ஏறத்தாழ 24 மடங்காகக் குறைந்திருக்கும்.

மும்பை மாட்டுங்கா போன்ற நெருங்கிய நகர்ப்பகுதிகளில் தொட்டிச் செடி வளர்ப்போரும் இத்தூளைப் பயன்படுத்தலாம். கழுவிய தூளில் உப்புக் குறைந்திருக்கும். ஆனால் தழைச்சத்துக் குறை நீங்கியிராது என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை மூன்று தொட்டிகளைக் கொண்டு மாணவர்க்குக் காட்டலாம். முதலாவதில் மண் மட்டும். இரண்டாவதில் மண்ணுடன் மக்காத கழிவு. மூன்றாவதில் மண்ணுடன் அதே அளவு மக்கிய கழிவு இடுக. மூன்றிலும் சோளம் விதைக்க. பயறு வகை இச்சோதனைக்கு ஏற்றதன்று. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்த்துத் தரும். மூன்று வாரங்களுக்குப்பின் செடிகளை வேரோடு எடுத்து, நீரில் அலசி, இலையின் நிறத்தையும் வேரின் கிளைப்பையும் ஒப்பிடுக.

களப்பணியாளர்கள் உழவரிடம் முதலில் வினவ வேண்டுவது, எத்தனை வண்டி உரம் இட்டீர் என்பதன்று. இட்டது மக்கியதா என்பதேயாம்.