கிளிநொச்சியை ஒரு நாளில் நடந்து பார்க்க வரும் பிள்ளைகளுக்கு

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பலர், யாழ்ப்பாணம் போகிற வழியில் கிளிநொச்சியைப் பத்து நிமிடத்தில் கடந்துவிட்டு, "பார்த்துவிட்டோம்" என்கிறார்கள். வலெட்டா, லூபிளியானா போன்ற சின்னத் தலைநகரங்களைக் காலை தொட்டு மாலை வரை கால்நடையாகவே சுற்றத் தெரிந்த பிள்ளைகள் இவர்கள். 2002 சமாதான காலத்திலிருந்து 2009 ஜனவரி 2 வரை வன்னியில் விடுதலைப் புலிகளின் அரசியல் தலைமையிடமாக இருந்த ஊர் இது. நோர்வே தூதுவர்கள் வந்து போனதும், உலகப் பத்திரிகையாளர்கள் வந்து குவிந்ததும் இங்கேதான். இதற்கும் ஒரு பகல் கொடுங்கள். முதல் முறை நடக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவை.

1. விடியவே வெளிக்கிடுங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் காற்றே அனலாக இருக்கும். பத்து மணிக்குள் ஒரு நடை, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு இன்னொரு நடை. இடையில் நிழலில் இருங்கள். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கட்டாயம்.

2. கந்தசுவாமி கோயிலில் தொடங்கி, ஏ9 வீதி வழியே வடக்காகக் கரடிப்போக்குச் சந்தி வரை நடவுங்கள். வலெட்டாவைப் போல மதிலும் பழைய சதுக்கமும் இங்கே இல்லை. வீதியோரமாக நீண்டு வளர்ந்த ஊர் இது. கடைகளின் கட்டடங்கள் எல்லாம் புதிதாக இருப்பதைக் கவனியுங்கள். 1996இல் இராணுவம் பிடித்தது, 1998இல் புலிகள் மீட்டார்கள், 2009இல் மறுபடியும் இராணுவம். இந்தச் சண்டைகளில் சனம் இடம்பெயர்ந்தது, ஊர் தரைமட்டமானது. போர் முடிந்து ஏழு ஆண்டு கழித்து, 2016 செப்டெம்பரில், பொதுச்சந்தைக் கடைகள் ஒரு தீயில் எரிந்தன. அதற்குப் பிறகும் எழும்பி நிற்கிற சந்தை அது. உள்ளே போய் மரக்கறி விலையாவது கேட்டுவிட்டு வாருங்கள்.

3. அந்தக் கந்தசுவாமி கோயிலடியில்தான் 2017 பெப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் பந்தல் போட்டுப் போராட்டம் தொடங்கினார்கள். மழையிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்காக அந்தப் போராட்டம் நீண்டது. பிள்ளையின் படத்தைக் கையில் வைத்திருக்கும் தாயை எங்கே கண்டாலும், கைத்தொலைபேசியைத் தூக்க முன் வணக்கம் சொல்லுங்கள். பக்கத்தில் இருங்கள். அவர் கதைத்தால் கேளுங்கள். கதைக்காவிட்டால் நீங்களாகக் கிளறாதீர்கள்.

4. நகரின் நடுவே சீமெந்துக் கனசதுரமொன்றைச் சன்னம் துளைத்து நிற்க, அதன் மேலே தாமரை பூத்திருக்கும். பாருங்கள். ஆனால் அது போரில் வென்றவர்கள் தங்களுக்காகக் கட்டிய சின்னம். இந்த ஊர்ச் சனத்தின் இழப்பு அதில் இல்லை என்பதே என் எண்ணம். சனத்தின் நினைவிடம் கனகபுரத்தில் இருக்கிறது. அங்கிருந்த புலிப் போராளிகளின் கல்லறைகளை இராணுவம் இடித்துத் தள்ளியது. சனம் உடைந்த கற்களைச் சேர்த்து வைத்து, மாவீரர் நாளான நவம்பர் 27 மாலையில் விளக்கேற்றுகிறது. அங்கே சத்தம் போடாமல் நடவுங்கள்.

5. நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: ஏ9 வீதியை விட்டு இறங்குங்கள். போர் இந்த ஊரின் கதையில் ஒரு பகுதி. ஊரை உண்டாக்கியது தண்ணீர். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் காணி நெருக்கடியும் வேலையில்லாத் தொல்லையும் கூடியதால், 1930களிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து காணி கொடுத்துக் குடியேற்றினார்கள். காடு வெட்டி, மலேரியாவோடு மல்லுக்கட்டி வயலாக்கிய சனத்தின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இங்கே கடை வைத்திருப்பவர்களில் பலர். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து அடிபட்டு வந்தவர்களும் இந்த மண்ணில்தான் குடிசை போட்டார்கள். அவர்களின் உழைப்பைச் சொல்லாமல் கிளிநொச்சியைச் சொல்ல முடியாது.

கரடிப்போக்கிலிருந்து உருத்திரபுரம் பக்கம் திரும்பினால் வாய்க்கால் கரை வரும். அங்கே முகவரி கேட்டால் "எட்டாம் வாய்க்கால்", "பத்தாம் வாய்க்கால்" என்பார்கள். ஊருக்கே வாய்க்காலின் இலக்கம்தான் பெயர். குளத்தின் துருசு (மதகு) திறந்த நாளென்றால் கலங்கல் தண்ணீர் வாய்க்கால் நிறைய ஓடும். மண்வெட்டியோடு ஒருவர் குனிந்து, வரம்பில் மண்ணை வெட்டி, தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவார். போதுமென்றதும் அதே மண்ணால் அடைத்துவிட்டு அடுத்த வயல்காரருக்குக் குரல் கொடுப்பார். நின்று பாருங்கள். மாரிக்கால விதைப்பான காலபோகத்துக்கு மழை பெருந்துணை; கோடை விதைப்பான சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர்தான் எல்லாம். எத்தனை ஏக்கர் விதைப்பது என்று விவசாயிகளும் அதிகாரிகளும் கூட்டம் வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

பின்னேரம் ஓட்டோ பிடித்து இரணைமடுக் குளக்கட்டுக்குப் போங்கள். அது நடைக்குத் தூரம், ஆனால் அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

6. இராணுவ முகாம்களையும் காவலரண்களையும் படம் எடுக்காதீர்கள். பற்றைக்காட்டுக்குள் குறுக்குப் பாதை தேடாதீர்கள். வடக்கே முகமாலைப் பக்கம் போனால், மிதிவெடி உண்டென்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் ஒரு அடியும் வைக்கக் கூடாது.

7. மத்தியானம் சோற்றுக்கடையில் குளத்து மீன் குழம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். விரால் கிடைத்தால் விடாதீர்கள். ஆனி, ஆடியில் வந்தால் வீதியோரம் பாலைப்பழம் விற்பார்கள். தெற்கே திரும்பிப் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்காமல் போவதில்லை.

8. போக்குவரத்துக்குப் புகையிரதம் நல்லது. 1990இல் அறுந்த பாதை 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சி வரை மறுபடி வந்தது. இருபத்துமூன்று ஆண்டு புகையிரதச் சத்தம் கேட்காமல் ஒரு தலைமுறை இங்கே வளர்ந்தது.

9. கார்த்திகை, மார்கழியில் வருகிறவர்கள் வானிலை அறிவித்தலைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி, வான்கதவுகள் திறந்து, கீழ்ப்புறக் கிராமங்கள் வெள்ளத்தில் மூழ்கின. வான் பாயும்போது பார்க்கக் கூட்டம் கூடும். குளக்கட்டில் நின்று பாருங்கள், கீழே இறங்காதீர்கள்.