எந்தப் பக்கம் பெரிசு? குட்டீஸுக்கு அளவுச் சொற்கள்

மூணு, நாலு வயசுப் பிள்ளைக்கு யானையும் ‘பெரிசு’, தெருவும் ‘பெரிசு’, அப்பாவின் செருப்பும் ‘பெரிசு’தான். இன்னும் சில சொற்கள் அடிக்கடி காதில் விழுந்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும். அதற்காகப் படம் போட்ட அட்டையெல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டாம் தோழிகளே, அடுப்படியும் கடைத்தெருவுமே போதும்.

1. பிள்ளை “பெரிசு” என்றதும், “எந்தப் பக்கம் பெரிசு?” என்று கேளுங்கள். கையை மேலே தூக்கினால் ‘உயரம்’, பக்கவாட்டில் விரித்தால் ‘அகலம்’, கீழே காட்டினால் ‘ஆழம்’ என்று நீங்கள் சொல்லை எடுத்துக் கொடுங்கள். முருங்கைக்காய்க்கு நீளம், பூசணிக்காய்க்குப் பருமன் என்று பிறகு அதுவே பிரிக்க ஆரம்பிக்கும்.

2. “அப்படிச் சொல்லக்கூடாது” என்று திருத்தினால் வாயைத் திறக்காது. “பெரிய குச்சி!” என்று ஓடி வந்தால், “அட, எவ்வளவு நீளமான குச்சி!” என்று நீங்கள் வியந்தாலே பாடம் முடிந்தது.

3. காய் நறுக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நறுக்குங்கள்: பொரியலுக்குப் பொடிப்பொடியாக, பிரியாணிக்கு வெங்காயம் நீளவாக்கில் மெல்லிசாக, சாம்பாருக்குக் கத்திரிக்காய் பெரிய துண்டாக. கத்தி வேண்டாம், கொஞ்சம் பீன்ஸைக் கையில் கொடுத்து, “இதைக் குட்டையா ஒடி, அதை நீளமா ஒடி” என்றால் போதும். உங்கள் வேலையிலும் பாதி குறையும்.

4. கடுகளவு, மிளகளவு, சுண்டைக்காய் அளவு, நெல்லிக்காய் அளவு, எலுமிச்சை அளவு என்று ஒரு ஏணியே நம் சமையல் பேச்சில் இருக்கிறது. “நெல்லிக்காய் அளவு புளி எடுத்துத் தா” என்று வேலை சொல்லிப் பாருங்கள், சரியாக உருட்டிக் கொண்டு வரும். கடுகும் மிளகும் மட்டும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான். மூக்கில் போட்டுக்கொள்கிற வயசு அது.

5. பாலாடை பக்கத்தில் டம்ளர் பெரிசு, குடத்துப் பக்கத்தில் வைத்தால் அதே டம்ளர் குட்டி. பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கச் சொன்னால் ‘அதைவிட’ என்ற சொல் தானாக வந்துவிடும், அலமாரியும் ஒழுங்காகும்.

6. பூ வாங்கப் போனால், பூக்காரம்மா முழம் போடுவதைக் கிட்டே நின்று பார்க்க விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் மேசையைச் சாணால் அளக்கச் சொல்லுங்கள். அப்பா கைக்கு ஒரு கணக்கு, தன் கைக்கு ஒரு கணக்கு வரும். ஏன் என்று அதுவே கேட்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

7. பழைய துணி ஒதுக்கும் நாளை வீணாக்காதீர்கள். போன பொங்கல் சட்டை இறுக்கம், பாவாடை குட்டை, அண்ணன் டிராயர் தொளதொள என்று போட்டுப் பார்த்தபடியே சொல்லலாம். தானம் கொடுக்க வேண்டியதும் கையோடு பிரிந்துவிடும்.

8. தெருவில் நடக்கும்போது: சந்து குறுகல், ரோடு அகலம், கோயில் பிராகாரம் விசாலம்.

9. ‘பிரம்மாண்டம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் சிக்கனமாகச் செலவழியுங்கள். உப்பிய பூரிக்கெல்லாம் அதைச் சொல்லிவிட்டால் மலைக்கு எதைச் சொல்வது? கன்னியாகுமரி வள்ளுவர் சிலைப் படத்தைக் காட்டுங்கள், பீடத்தோடு சேர்த்து 133 அடி. நம் வீடு 10 அடி உயரம் என்றால், 13 வீட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் வள்ளுவர் தலை இன்னும் கொஞ்சம் மேலேதான் இருக்கும்.

10. குண்டு, ஒல்லி, நெட்டை, குட்டை எல்லாம் மிளகாய்க்கும் தென்னைக்கும் மட்டும் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரரைக் கைகாட்டிக் கணீரென்று சொல்லும், நாம்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும்.

11. சின்னதிலும் எத்தனையோ சின்னது உண்டு: குட்டி, குட்டியூண்டு, இத்தனூண்டு, துளியூண்டு. டப்பா அடியில் உடைந்து கிடக்கும் முறுக்கைத் தட்டில் கொட்டி, துண்டு, துணுக்கு, தூள் என்று பிரிக்கச் சொல்லுங்கள். சரியாகச் சொன்னால் துண்டு பிள்ளைக்கு, தூள் டீச்சருக்கு!