முதல் உரசலிலேயே சொல்லிவிடு

இத்தாலிய இராணுவப் பயிற்சிக்குப் புறப்படும் தம்பிக்கு,

நீ புதுச் சப்பாத்து வாங்கிவிட்டாய் என்றும், அதற்குள் தண்ணீர் நிரப்பி ஊறவைத்துக் காலிலேயே காயவிடும்படி யாரோ புத்தி சொன்னார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதைச் செய்யாதே. ஊறிய தோல் காயும்போது சுருங்கி விறைக்கும், மடிகிற இடத்தில் வெடிக்கும். அடித்தட்டை ஒட்டிய பசையும் இளகலாம். தண்ணீர் புகாத சவ்வு வைத்துத் தைத்த சப்பாத்து, உள்ளே போன தண்ணீரை இலேசில் வெளியே விடாது. ஹேர் டிரையரும் அடுப்பு வெக்கையும் இதே கேட்டைத்தான் செய்யும். நேரமில்லாதவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழிகள் இவை. உனக்கோ இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள். கப்புவாவுக்கு அனுப்பினாலும் சரி, அஸ்கோலி பிச்சேனோவுக்கு அனுப்பினாலும் சரி, பயிற்சி ரெஜிமென்டில் சீருடையோடு வேறொரு ஜோடி தருவார்கள். அப்படியானால் பலெர்மோவின் பிரான்காச்சோவில் நீ பழக்கும் இந்தச் சப்பாத்தால் என்ன பயன் என்று கேட்பாய். சப்பாத்தின் பழக்கம் அந்த ஜோடியோடு நின்றுவிடும். காலின் பழக்கம் உன்னோடு வரும். சிறிது சிறிதாக உரசல் பட்ட தோல் தடிக்கும். உயரமான கழுத்துக்குள் கணுக்கால் மடியக் கற்றுக்கொள்ளும். பாரமும் பழகும். காலில் ஒரு கிலோ கூடினால் நடக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றல் 7 முதல் 10 சதவீதம் வரை கூடும். அதே ஒரு கிலோவை முதுகில் சுமந்தால் இவ்வளவு களைக்காது. ஓட்டச் சப்பாத்தோடு மட்டும் பயிற்சி எடுத்துவிட்டுப் போகிறவன் முதல் நீண்ட நடையில் திணறுவது இதனால்தான்.

கொப்புளம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தோலின் மேற்பரப்பு தேய்ந்து வருவதல்ல அது. வெளித்தோல் காலுறையோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் நகர்கிறது. நடுவில் அகப்பட்ட தோலடுக்குகள் இழுபட்டுப் பிரிகின்றன. அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. ஈரத்தோல் உலர்ந்த தோலைவிட அதிகமாக ஒட்டும். ஆகவே நீ கவனிக்க வேண்டியவை மூன்று: சப்பாத்தின் அளவு, ஈரம், நடையின் தூரம்.

அளவை மாலையில் பார். பகல் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். எந்தக் காலுறையோடு நடக்கப் போகிறாயோ அதைப் போட்டே பார். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். 42க்கும் 43க்கும் நீளத்தில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். இறக்கத்தில் உன் நகம் தப்புவதும் கறுப்பதும் அந்த 7 மில்லிமீட்டரில் இருக்கிறது. குதிக்கால் மேலே எழும்பக் கூடாது. எழும்பினால் புறங்காலில் லேஸை இளக்கமாகவும் கணுக்கால் மடிப்பில் இறுக்கமாகவும் கட்டிப் பார். அதற்கும் அடங்காவிட்டால் அந்தச் சப்பாத்து உனக்குரியது அல்ல. பழகப் பழகச் சரியாகும் என்று நம்பாதே. தோல் அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். நீளத்தில் கொடுக்காது.

பருத்திக் காலுறை வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே ஈரமாகக் கிடக்கும். உள்ளே மெல்லிய செயற்கை இழைக் காலுறை, வெளியே தடித்த கம்பளிக் காலுறை போட்டால், உரசல் தோலில் நடக்காமல் இரண்டு துணிகளுக்கு இடையில் நடக்கும். வியர்வையை அடக்கும் மருந்து பூசலாமா என்றும் கேட்பாய். அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரி மாணவர்களிடம் அதைச் சோதித்து 1998இல் முடிவை வெளியிட்டார்கள். நீண்ட நடைக்கு முந்திய இரவுகளில் ஒழுங்காகப் பூசியவர்களில் 21 சதவீதத்தினருக்குத்தான் கொப்புளம் வந்தது. போலி மருந்து பூசியவர்களில் 48 சதவீதம். ஆனால் மருந்து பூசியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தோல் எரிச்சல் வந்தது. உனக்கு நான் சொல்வது அதைவிட மலிவானது: மருந்துக்கடையில் கிடைக்கும் காகித ஒட்டுநாடா. வழக்கமாக உரசும் இடத்தில் நடைக்கு முன்பே ஒட்டிவிடு.

இனி நடை. முதல் வாரம் வீட்டுக்குள் போட்டு நட என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நம்முடைய வீட்டில் அது நடக்காது. வாசலில் செருப்பைக் கழற்றாமல் யார் உள்ளே வருகிறார்கள்? அதற்கும் மேலாக, உன் அம்மாவின் தலைமுறைக்குச் சப்பாத்துச் சத்தம் என்றால் வேறு ஞாபகம். 1987க்கும் 1990க்கும் இடையில் இலங்கைக்கு வந்த இந்தியப் படையும், அதற்கு முன்னும் பின்னும் இலங்கைப் படையும் இரவில் ஒழுங்கைகளில் நடந்த சத்தம் அது. நாய் குரைத்ததும் விளக்கை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தவர்கள் அவர்கள். நீ இத்தாலியக் குடிமகனாக, 2005 முதல் கட்டாயச் சேவை இல்லாத ஒரு படைக்கு, உன் விருப்பத்தோடு போகிறாய். இரண்டும் ஒன்றல்ல என்று அம்மாவுக்கு அறிவால் தெரியும். காதுக்குத் தெரிய நாளாகும். அவளோடு இதைப் பற்றி வாதாடாதே. அடுக்குமாடியின் படிக்கட்டைப் பயன்படுத்து. ஏறி இறங்கும்போதுதான் சப்பாத்து விரல்களின் அடியில் நன்றாக மடியும்.

பிறகு பாண் கடைக்குப் போட்டுப் போ. அதன் பிறகு கோர்சோ தெய் மில்லே வழியாக அம்மிரால்யோ பாலம் வரை போய் வா. மர்சாலாவில் 1860 மே 11 அன்று இறங்கிய கரிபால்டியின் ஆயிரம் பேர், மே 27 அன்று அந்தப் பாலத்தில் சண்டையிட்டுத்தான் பலெர்மோவுக்குள் நுழைந்தார்கள். வீதிக்கு அந்த ஆயிரம் பேரின் பெயர். ஒருநாள் விட்டு ஒருநாள் நட. தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. தூரம் பழகிய பின்தான் முதுகுப்பை. இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதே. புதுச் சப்பாத்தோடு ஓடவே ஓடாதே.

கடைசிச் சோதனையை மொந்தே பெல்லெக்ரீனோவில் வைத்துக்கொள். உனக்குத் தெரியாத மலையா? 1624இல் கொள்ளைநோய் நகரை அழித்துக்கொண்டிருந்தபோது புனித ரொசாலியாவின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்ட குகைக்கு, சைவரும் கத்தோலிக்கருமாய் நம்முடைய சனம் ஏறிக்கொண்டுதானே இருக்கிறது. நேர்த்தி வைத்து வெறுங்காலோடு ஏறுவோரும் உண்டு. நீ சப்பாத்தோடு, பையோடு, பழைய கற்பாதையால் ஏறு. ஏற்றம் குதிக்காலைச் சோதிக்கும், இறக்கம் விரல் நுனிகளைச் சோதிக்கும். கீழே வந்ததும் காலுறையைக் கழற்றிப் பார். எங்கே சிவந்திருக்கிறதோ அங்கேதான் முகாமிலும் உனக்கு ஒட்டுநாடா வேண்டும்.

கொப்புளம் வருவதற்கு முன்னால் அந்த இடம் சுடும். அந்தச் சூட்டில் நிற்கிறவன் இரண்டு நிமிடத்தில் நாடா ஒட்டிக்கொண்டு நடப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு போகிறவனுக்குத் தோல் கிழிந்து, புண்ணாகி, சீழ் பிடித்தால், அவனுடைய காவல் முறையையும் சுமையையும் பக்கத்தில் இருப்பவன் தூக்க வேண்டும். சகித்தது அவன், சுமந்தது இன்னொருவன். இதில் வீரம் எங்கே இருக்கிறது?

எனக்கு உன்னைப் பற்றிய பயம் இதில்தான். இந்த ஊரில் வீடுகளையும் சமையலறைகளையும் துடைத்து உங்களை வளர்த்தவர்கள், எது கேட்டாலும் ‘சமாளிக்கலாம்’ என்றே பதில் சொல்லிப் பழகியவர்கள். கொடுத்த சப்பாத்தைப் போட்டார்கள், கடித்தாலும் சொல்லவில்லை. வந்த இடத்தில் குறை சொன்னால் வேலை போய்விடும் என்று நினைத்தார்கள். அவர்களுக்கு அது தேவைப்பட்டது. உனக்குத் தேவையில்லை. சப்பாத்து கொடுக்கும் வரிசையில், பின்னால் ஐம்பது பேர் நிற்க, அளவு சிறிதாக இருந்தால் ‘மி ஸ்தான்னோ ஸ்த்ரெத்தி’ என்று சத்தமாகச் சொல். நெருக்குகிறது என்று சொல்ல என்னைவிட நல்ல இத்தாலி மொழி உன்னிடம் இருக்கிறது. கொடுக்கிறவர் முகம் சுளிக்கட்டும். அலமாரியில் இத்தனை அளவுகளை அடுக்கி வைத்திருப்பதே மாற்றிக் கொடுக்கத்தான்.

அன்புடன்,
உன் அண்ணன்