டொர்னாடோ எச்சரிக்கை: கிறீன்ஸ்பேர்க் நகருக்குக் கிடைத்த இருபது நிமிடங்கள்

ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், புல்வெளிகளுக்கும் கோதுமை வயல்களுக்கும் நடுவே அமைந்துள்ள சிறு நகரம் கிறீன்ஸ்பேர்க். 2000ஆம் ஆண்டின் குடிசனக் கணக்கெடுப்பின்படி அங்கு 1,574 பேர் வாழ்ந்தனர். ஒரு நீதிமன்றக் கட்டடம், ஒரு மருத்துவமனை, ஒரு தானியக் கோபுரம், மனிதக் கைகளால் தோண்டப்பட்ட 109 அடி ஆழமான ஒரு பெருங்கிணறு ஆகியவை அந்நகரின் அடையாளங்கள். கிணற்றைப் பார்க்க வருவோரைத் தவிர, வெளியூரார் அங்கு தங்குவதற்குப் பெரிய காரணம் எதுவும் இருக்கவில்லை.

2007ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. இரவு 9.45 மணியளவில் ஏறத்தாழ 2.7 கிலோமீற்றர் அகலமான டொர்னாடோ ஒன்று தெற்கிலிருந்து வந்து நகருக்குள் புகுந்தது. அதன் அகலம் நகரத்தின் அகலத்தை விஞ்சியது. ஆகவே ஒதுங்கி நிற்க ஒரு தெருக்கூட மிஞ்சவில்லை. காற்றின் வேகம் மணிக்கு 320 கிலோமீற்றருக்கும் அதிகம் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. சில நிமிடங்களில் நகரத்தின் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அழிந்தது. தானியக் கோபுரமும் நீதிமன்றக் கட்டடமும் இன்னும் ஒரு சில கட்டடங்களும் மட்டுமே நின்றன.

அந்த இரவில் உயிரிழந்தோர் பத்துக்குச் சற்று மேற்பட்டோர். ஒவ்வோர் உயிரும் பேரிழப்பே. ஆயினும், ஏறத்தாழ முழு நகரமும் தரைமட்டமான நிலையில் மக்களில் மிகப் பெரும்பாலானோர் உயிருடன் வெளியே வந்தது எவ்வாறு என்பதே இங்கு ஆராய வேண்டிய வினா. ஒன்ராறியோவில் வாழும் தமிழருக்கும் இது தொலைதூரத்து வினா அன்று.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு விளக்கம். தமிழ்ச் செய்திகளில் டொர்னாடோ பெரும்பாலும் 'சூறாவளி' என்றே எழுதப்படுகிறது. ஆனால், 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கியதையும் நாம் சூறாவளி என்கிறோம். அது கடலில் பிறந்து, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பரந்து, நாட்கணக்கில் நகர்ந்து வரும் புயல். டொர்னாடோ நிலத்தின் மேல் ஓர் இடிமுகிலின் அடியில் பிறக்கும் சுழல். பெரும்பாலும் சில நூறு மீற்றர் அகலங்கூட இராது. சில நிமிடங்களில் மறைந்துவிடும். கடற்புயலை அறிந்த முதியவர் ஒருவர் 'சூறாவளி வருகிறது' என்று கேட்டால், பொருட்களை எடுத்துவைக்கவும் உறவினர் வீட்டுக்குப் போகவும் நேரம் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. டொர்னாடோ விடயத்தில் அந்த எண்ணமே உயிருக்கு ஆபத்து. எனவே இக்கட்டுரை 'டொர்னாடோ' என்ற சொல்லையே கையாள்கிறது. கைத்தொலைபேசியில் வரும் அறிவித்தலிலும் அந்தச் சொல்லே காதில் விழும்.

இளவேனிற் காலத்தில் இது ஏன் நேர்கிறது? அமெரிக்கப் புல்வெளிப் பிரதேசத்துக்கு மெக்சிக்கோ வளைகுடாவிலிருந்து வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று தெற்கே இருந்து வருகிறது. மேற்கே உயர்ந்த வறண்ட நிலத்திலிருந்து உலர்ந்த வெப்பக்காற்று அதன் மேற்பரப்பில் ஒரு மூடிபோலப் படிகிறது. கீழே வெப்பம் ஏற ஏற, ஒரு கட்டத்தில் மூடி உடைகிறது. ஈரக்காற்று சில நிமிடங்களில் பல கிலோமீற்றர் உயரத்துக்கு எழுகிறது. நிலத்தருகே ஒரு திசையிலும் உயரத்தில் வேறு திசையில் அதிக வேகத்திலும் காற்று வீசும்போது, எழும் முகில் முழுவதுமே சுழலத் தொடங்குகிறது. அச்சுழற்சி இறுகி நிலத்தைத் தொட்டால் அதுவே டொர்னாடோ. சூரியன் மறைந்தால் ஆபத்து நீங்கிவிடும் என்பது தவறான எண்ணம். புல்வெளிகளில் நிலத்தை ஒட்டி வீசும் தென்காற்று இரவில் வலுப்பெறுவது வழக்கம். கிறீன்ஸ்பேர்க் அழிந்தது இருளில். மின்னல் வெட்டும் கணங்களில் மட்டுமே சுழல் கண்ணுக்குத் தெரிந்தது.

அதே கன்சாஸ் மாநிலத்தில், 1955ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி இரவு, உடோல் என்னும் சிற்றூரை ஒரு டொர்னாடோ தாக்கியது. அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ அறுநூறு பேர். இறந்தோர் எழுபத்தைந்துக்கும் மேற்பட்டோர். மாதம் ஒன்று, மாநிலம் ஒன்று, பொழுதும் இரவுப் பொழுதே. இரண்டு ஊர்களும் ஏறத்தாழ முற்றாக அழிந்தன. ஆனால் உடோல் மக்களில் பலர் படுக்கைக்குச் சென்றுவிட்டிருந்தனர். அவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் எட்டவில்லை. கிறீன்ஸ்பேர்க்கில் அதைப் போல் இரண்டரை மடங்கு மக்கள் வாழ்ந்தனர். இறந்தோர் தொகையோ ஆறில் ஒரு பங்களவே. காற்று இரக்கம் காட்டியதனால் நேர்ந்த வேறுபாடு அன்று இது.

இவ்வேறுபாட்டின் பின்னுள்ள வரலாற்றில் ஒரு பகுதி சற்று வியப்பானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அமெரிக்க வானிலைத் துறை தன் முன்னறிவிப்புகளில் 'டொர்னாடோ' என்ற சொல்லையே தவிர்த்து வந்தது. அச்சொல் மக்களைப் பீதியடையச் செய்யும், அப்பீதி காற்றைவிடக் கேடு விளைவிக்கும் என்று அதிகாரிகள் கருதினர். 1948 மார்ச் 25ஆம் திகதி, ஒக்லஹோமா மாநிலத்தின் ரிங்கர் விமானப்படைத் தளத்தில் ஏர்னஸ்ட் ஃபோபுஷ், ரொபர்ட் மில்லர் என்னும் இரு படை அதிகாரிகள் அன்று மாலை தளத்தில் டொர்னாடோ வீசக்கூடும் என முன்கூட்டியே அறிவித்தனர். ஐந்தே நாட்களுக்கு முன்னர் அதே தளத்தை ஒரு டொர்னாடோ தாக்கியிருந்தது. அறிவித்தபடியே அன்று மாலை இன்னொன்றும் வந்தது. விமானங்கள் முன்னரே பாதுகாக்கப்பட்டிருந்தன, உயிரிழப்பு இல்லை. 1950ஆம் ஆண்டில் அச்சொல்லைப் பயன்படுத்தத் தடையில்லை என்று வானிலைத் துறை தெளிவுபடுத்தியது. மக்களிடமிருந்து ஒரு சொல்லை மறைப்பது அவர்களைக் காப்பதாகாது என்று ஒப்புக்கொள்ள அத்துறைக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1990களில் நாடெங்கும் நிறுவப்பட்ட டொப்ளர் ரேடார்கள் முகிலுக்குள் நிகழும் சுழற்சியையே காணும் வசதியைத் தந்தன.

2007இல் கிறீன்ஸ்பேர்க் மக்களுக்குப் பயன்பட்டவை இவையே. டொட்ஜ் சிற்றி வானிலை அலுவலகம் எச்சரிக்கை விடுத்தது. டொர்னாடோ வருவதற்கு ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்கு முன்பே நகரின் அபாயச் சங்குகள் ஒலித்தன. சுழல் நகரை நெருங்கியபோது, மிக அரிதாகவே பயன்படுத்தப்படும் 'டொர்னாடோ அவசரநிலை' என்ற அறிவித்தலும் வெளியிடப்பட்டது. மக்கள் நிலக்கீழ் அறைகளுக்குள் இறங்கினர். மேலே வீடு பறந்து போனபின், கூரையற்ற குழியிலிருந்து வானத்தைப் பார்த்தபடி ஏறி வந்த குடும்பங்கள் பல. இருபது நிமிடங்களில் ஒரு வீட்டையும் காப்பாற்ற இயலாது. படியிறங்க அது தாராளமாகப் போதும்.

இனி ஒன்ராறியோ. 1985 மே 31ஆம் திகதி பாரி நகரைத் தாக்கிய டொர்னாடோவில் அங்கு மட்டும் எட்டுப் பேர் இறந்தனர். 2022 மே 21ஆம் திகதி தெற்கு ஒன்ராறியோவையும் கியூபெக்கையும் கடந்து சென்ற இடிபுயல் வரிசையில் பத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்; அதே நாளில் அக்ஸ்பிரிட்ஜ் நகரில் ஒரு டொர்னாடோவும் வீசியது. கன்சாஸ் அளவுக்கு இங்கு ஆபத்து மிகுதி இல்லை. ஆனால் கன்சாஸ் மக்களுக்குள்ள பழக்கமும் இங்கு இல்லை. ஒன்ராறியோவின் பெரும்பாலான நகரங்களில் டொர்னாடோவுக்கென அபாயச் சங்குகள் கிடையா. 2018 முதல் எச்சரிக்கை கைத்தொலைபேசிக்கே நேராக வருகிறது. வழக்கமான அழைப்பொலியிலிருந்து வேறான உரத்த ஒலியுடன், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அது வரும். தமிழில் வராது.

இதன் பொருள் தெளிவானது. பகலில் பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின், பேரக்குழந்தையுடன் வீட்டிலிருக்கும் அம்மம்மாவின் தொலைபேசி அலறும். திரையில் உள்ளதை அவரால் வாசிக்க இயலாது. பலர் அதை ஏதோ கோளாறு என்று எண்ணி அணைத்துவிடுகின்றனர். அந்த ஒலியையும் 'டொர்னாடோ வோர்னிங்' என்ற இரு சொற்களையும் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு முன்கூட்டியே பழக்கிவைப்பது நன்று. ஒலி கேட்டவுடன் எங்கே இறங்குவது என்பதை ஒருமுறை நடந்து காட்டிவிட்டால், ஆங்கிலம் தேவைப்படாது.

வானிலை அறிவித்தலில் இரண்டு சொற்கள் வரும். 'வோச்' என்பது கண்காணிப்பு: டொர்னாடோ உருவாகத்தக்க சூழல் நிலவுகிறது, விழிப்பாக இருக்க வேண்டும். 'வோர்னிங்' என்பது எச்சரிக்கை: டொர்னாடோ கண்ணால் காணப்பட்டுவிட்டது, அல்லது ரேடாரில் அதன் அறிகுறி தெரிகிறது, இக்கணமே பாதுகாப்பிடம் செல்ல வேண்டும். பேச்சில் இரண்டையும் எச்சரிக்கை என்றே சொல்லிவிடுவதுண்டு. சட்ட ஆவணத்தில் போலவே இங்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறுத்த பொருள் உண்டு; முதலாவது வந்தால் தொலைபேசியை அருகில் வைத்துக்கொள்ளலாம், இரண்டாவது வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். யன்னலருகே நின்று உறுதிப்படுத்திக்கொள்ள முயல்வது பெருந்தவறு. டொர்னாடோ பல வேளைகளில் மழைத்திரைக்குள் மறைந்தே வரும்.

நிலக்கீழ் அறையே சிறந்த இடம். அங்கும் யன்னல்களுக்கும் வெளிக்கதவுக்கும் விலகி, உறுதியான மேசையின் கீழோ படிக்கட்டின் கீழோ அமர்ந்து, தலையைத் தலையணையாலோ கைகளாலோ மூடிக்கொள்ள வேண்டும். நிலக்கீழ் அறை இல்லாத வீட்டில், கீழ்த்தளத்தில் யன்னலற்ற உட்புற அறை, குளியலறை அல்லது உடுப்பு அலுமாரி ஏற்றது. அடுக்குமாடியில் வாழ்வோர் நேரமிருந்தால் படிக்கட்டு வழியாகக் கீழ்த்தளங்களுக்குச் செல்லலாம். இயலாதெனில் மாடத்தையும் கண்ணாடிச் சுவரையும் விட்டு உட்புற நடைகூடத்திலோ குளியலறையிலோ இருக்க வேண்டும். மின்தூக்கி கூடாது. நிலக்கீழ் வீட்டை வாடகைக்கு விட்டுள்ளவர்கள், மேலிருப்போர் அங்கு இறங்க வழியுண்டா என்பதை வாடகைக்கு இருப்போருடன் இப்போதே பேசிக்கொள்வது நல்லது. பூட்டிய கதவின் முன் நின்று தட்டுவதற்கு அப்போது நேரம் இராது.

யன்னல்களைத் திறந்துவிட்டால் வீடு வெடிக்காது என்ற பழைய நம்பிக்கையில் உண்மையில்லை. திறக்கப் போகும் நேரம் வீணாவதோடு, காற்று உள்ளே புகவும் அது இடந்தரும். நெடுஞ்சாலை மேம்பாலத்தின் கீழ் வாகனத்தை நிறுத்தி ஒதுங்குவதும் பாதுகாப்பன்று. 1999 மே 3ஆம் திகதி ஒக்லஹோமாவில் அவ்வாறு ஒதுங்கியவர்களுள் மூவர் உயிரிழந்தனர். காற்று பாலத்தின் கீழ் ஒடுங்கி மேலும் வேகங்கொள்கிறது. ஒரு சுழல் கடந்ததும் ஆபத்து முடிந்ததாகவும் கொள்ள இயலாது. கிறீன்ஸ்பேர்க்கை அழித்த அதே முகில் வடகிழக்கே நகர்ந்து அன்றிரவே மேலும் பெரிய டொர்னாடோக்களை உருவாக்கியது.

பின்னர் அந்நகரம் மீண்டும் கட்டப்பட்டது. பெரிய நகராட்சிக் கட்டடங்கள் யாவும் சுற்றுச்சூழல் காக்கும் கட்டடங்களுக்கான அமெரிக்க மதிப்பீட்டு முறையின் மிக உயர்ந்த தரத்தில் அமைய வேண்டும் என்று நகரசபை 2007 டிசம்பரில் தீர்மானித்தது. நகரை அழித்த காற்றைக் கொண்டே மின்சாரம் எடுக்கப் பத்துக் காற்றாலைகள் அருகில் நிறுவப்பட்டன. இச்செய்தி உலகெங்கும் பாராட்டப்பட்டது. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது, 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கிருந்தோர் 777 பேர் மட்டுமே என்பது. பாதிப்பேர் திரும்பவில்லை. வீட்டை மீளக்கட்டப் பணம் போதாமை, கட்டும்வரை வேறூரில் தொடங்கிய வாழ்க்கை, முதுமை என ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும்.

இந்நகரவாசிகள் கவனிக்க வேண்டிய விடயமும் அதில் உண்டு. கனடாவில் வழக்கமான வீட்டுக் காப்புறுதி பொதுவாகக் காற்றினால் ஏற்படும் சேதத்தை ஈடுசெய்யும். விதிவிலக்குகளை ஒப்பந்தத்தில் வாசித்தறிய வேண்டும். ஆனால் வீட்டு உரிமையாளரின் காப்புறுதி, வாடகைக்கு இருப்பவரின் உடைமைகளுக்குப் பொருந்தாது. வாடகைக்கு இருப்போர் தமக்கெனத் தனிக் காப்புறுதி பெற வேண்டும். வீட்டின் ஒவ்வோர் அறையையும் தொலைபேசியில் ஒளிப்படம் எடுத்து, குடியுரிமைச் சான்றிதழ், கடவுச்சீட்டு, காப்புறுதி ஒப்பந்தம் ஆகியவற்றின் படங்களுடன் வேறு வீட்டிலுள்ள உறவினர் ஒருவருக்கு அனுப்பிவைக்கலாம். சேதம் நேர்ந்தபின், திருத்த வேலை தொடங்குமுன் படமெடுத்துக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். கதவைத் தட்டி உடனே கையொப்பம் கேட்கும் கூரைவேலைக்காரரிடம், ஒப்பந்தத்தை வாசிக்க அவகாசம் கேட்பது எவருக்கும் உள்ள உரிமை.

உயிராபத்து, தீ, எரிவாயு மணம், அறுந்து விழுந்த மின்கம்பி ஆகியவற்றுக்கு 911. தற்காலிகத் தங்குமிடம், உணவு, பிற சமூக சேவைகள் பற்றி அறிய 211. இரண்டாவது எண்ணில் ஆங்கிலம் பேச இயலாதோர் 'டமில்' என்ற ஒரு சொல்லைக் கூறி உரைபெயர்ப்பாளரைக் கோரலாம்.