கிரேடு 2 என்றால் ஊசி குத்த வேண்டுமா?

எனக்கு வயது 48. ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 2' என்று வந்திருக்கிறது. ஏ.எஸ்.டி. 40, ஏ.எல்.டி. 49, தட்டணுக்கள் 2.4 லட்சம். பயாப்ஸி எடுத்தால்தான் உறுதியாகும் என்கிறார் மைத்துனர். எடுக்கத்தான் வேண்டுமா?
– வாசகர், மட்டாஞ்சேரி, கொச்சி

இப்போதைக்கு வேண்டாம். கிரேடு என்பது ஈரலில் படிந்த கொழுப்பின் அளவு. கவலைப்பட வேண்டியதோ ஈரல் தழும்பேறி இறுகுவதைப் பற்றித்தான். சாதாரண அல்ட்ராசவுண்டு அதைத் தொடக்கத்தில் காட்டிக்கொடுக்காது. அதற்கான முதல் சல்லடை உங்கள் ரத்த ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. ஃபிப்-4 என்று பெயர். வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கி, ஆயிரக்கணக்கில் எழுதிய தட்டணுக்களையும் (240) ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தையும் (7) பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் உங்களுக்கு 1.14. இது 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு.

சர்க்கரை நோயும் இருந்தால் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துவிடலாம். விலா இடுக்கில் தோலின் மேல் மெல்லத் தட்டி, உள்ளே அலை ஓடும் வேகத்தை அது அளக்கும். இறுகிய ஈரலில் அலை விரைந்து ஓடும். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழ் வந்தால் நிம்மதி. மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போனால் அளவு கூடிவிடும். சதையையே எடுத்துப் பார்ப்பதுதானே உறுதி என்பார் மைத்துனர். ஊசியில் வருவது ஈரலில் ஏறக்குறைய 50,000இல் ஒரு பங்கு. தழும்போ எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டாலோ, வேறு ஈரல் நோய் என்று சந்தேகம் வந்தாலோதான் பயாப்ஸி. எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைக்கப் பாருங்கள். ஃபிப்-4 கணக்கை இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்பப் போட்டால் போதும். சர்க்கரை இருந்தால் இன்னும் முன்னதாக.